ஏ/பி-க்குப் பின்னால் வரும் பேர்

சிவநேசன் நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது மகளைப் பார்க்க அல்ல, அவளுடைய பேரை மாற்ற. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறுகிறது.

கிள்ளானில் நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பதினாறு பிள்ளைகள். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. அன்று மதியம் தமிழ்ப்பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டு மணியடிப்பதற்காகக் காத்திருந்தேன். யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். பார்த்தால் அவன். தலைக்குச் சாயம், புதுச் சட்டை, இரண்டடி தூரத்துக்கு சென்ட் வாசம். ஒரு கையில் பை நிறைய ரம்புத்தான், கக்கத்தில் ஒரு ஃபைல்.

"எப்படி இருக்க, புஷ்பா?"

"நாலு வருசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என்னா வேணும் உனக்கு?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம் 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டவள்தான் நான். விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அந்த மரியாதையும் என் வாயைவிட்டுப் போய்விட்டது. அவனுக்கு அது இன்னும் பழகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பர்ஸிலிருந்து ஐ.சி.யை, அடையாள அட்டையை, எடுத்து நீட்டினான். படத்தில் அவன் முகம். பேர் மட்டும் பிரவின் ராஜ் என்று இருந்தது.

"இது யாரு?"

"நான்தான். பேரை மாத்திட்டேன். முறைப்படி ஜே.பி.என். பதிவு ஆபீஸ்ல போயி மாத்தியாச்சு. இனிமே சிவநேசன்னு யாரும் கிடையாது."

நாற்பத்து நான்கு வயசு ஆளுக்குப் பிரவின்! நாய்க்குப் பேர் முத்துமாலை என்று சொல்வார்களே, அதுதான் என் நினைவுக்கு வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்தான்.

பாரம் என்னவென்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். சீனர்களுக்கு இருப்பதுபோல எங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது. மலேசியாவில் எங்கள் பேருக்குப் பின்னால், ஆணென்றால் ஏ/எல், பெண்ணென்றால் ஏ/பி என்று போடுவார்கள். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று மலாயில் அர்த்தம். அதற்குப் பின்னால் அப்பன் பேர் வரும். பிறப்புப் பத்திரத்தில் ஏறுவது மரணப் பத்திரம் வரைக்கும் கூடவே வரும். என் மகள் வாணி ஏ/பி சிவநேசன். பெற்றவள் பேருக்கு அதில் இடமில்லை. பதினோரு வருஷமாக அது எனக்கு உறைத்ததுகூட இல்லை.

"வாணி பேரை மாத்தணும். ஏ/பி பிரவின் ராஜ்னு. பிள்ளை உன்கிட்ட இருக்கிறதால நீயும் கையெழுத்துப் போடணுமாம். ஒரு கையெழுத்துதான்லா."

"ஏன் மாத்தணும்?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியில் ஒருவர் எண்கணிதம் பார்க்கிறாராம். தண்ணீர் ஃபில்டர், கார் கழுவும் கடை, பிரியாணி ஸ்டால் என்று இவன் தொட்டதெல்லாம் படுத்துக்கொண்டதற்கு சிவநேசன் என்ற பேர்தான் காரணம் என்று அவர்தான் கண்டுபிடித்தாராம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பத்து மணிக்கு எழுந்திரிக்கிறவன் எந்தப் பேரில் கடை திறந்தால்தான் என்ன?

"பேரை மாத்தி ஒரு வருசம் ஆகியும் ஒன்னும் நகரல. திரும்பப் போயி கேட்டேன். உங்க பழைய பேரு இன்னும் எங்கயோ உயிரோட இருக்கு, அதான் உங்கள இழுக்குதுன்னு சொன்னாரு. வீட்டுக்கு வந்து யோசிச்சேன் யோசிச்சேன். அப்பதான் வாணி ஞாபகம் வந்திச்சு."

அப்பதான் வாணி ஞாபகம் வந்திச்சு!

டெங்கிக் காய்ச்சலில் ஆறு நாள் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராத ஞாபகம். நான்கு பிறந்தநாளுக்கு வராத ஞாபகம். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் மேல் வேனை ஏற்றியிருந்தாலும் ஆண்டவன் என்னை மன்னித்திருப்பான்.

"பன்னெண்டு வயசுல ஐ.சி. எடுக்கணும் பாரு. சிப்பு வெச்ச கார்டுல அந்தப் பேரு ஏறிட்டா அவ்ளோதான், அழிக்க முடியாதுங்கிறாரு. அதுக்கு முன்னாடி செஞ்சிடணும்."

மணியடித்துப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். வாணியும் வந்தாள். அவள் பேச்சு குறைந்த பிள்ளை. அப்பனைப் பார்த்ததும் நின்றாள். அவன், "வாணிம்மா, எவ்ளோ வளந்துட்டே! அம்மாகிட்ட சொல்லி அப்பாவுக்கு ஒரு கையெழுத்து வாங்கிக் குடும்மா" என்றான். நான்கு வருஷம் கழித்துப் பெற்ற மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் அவன் முகத்தையும் அந்தப் பாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நான் பாரத்தை வாங்கி நான்காகக் கிழித்து ரம்புத்தான் பைக்குள்ளேயே போட்டேன். பையை அவன் கையிலேயே திணித்தேன். "உன் ராசிக்கு என் பிள்ளைய வெட்டி ஒட்டுவியா? போடா!" என்று கத்தினேன். வேனுக்குள் மற்ற பதினைந்து பிள்ளைகளும் கை தட்டின. வாணி தட்டவில்லை.

மூன்று வாரத்தில் அவன் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. நான் கையெழுத்துப் போடாவிட்டால் ஷா ஆலம் கோர்ட்டில் மனுப் போட்டு மாற்றிக்கொள்வானாம். கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத்தான் போனேன். அங்கே எண்கணிதத்துக்கும் மாடி இருக்கிறது, சட்டத்துக்கும் மாடி இருக்கிறது. வக்கீல் வாசுதான் எனக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்தவர். அதிகம் பேசமாட்டார், அதிகம் வாங்கவும் மாட்டார்.

"எதிர்க்கலாம், அக்கா. பழைய பேரே இருக்கட்டும்னு சொன்னாப் போதும். ஒன்னும் மாத்தாம விட்டுடுவாங்க" என்றார்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கடிதத்தில் என் மகள் பேர் மூன்று இடத்தில் அடித்திருந்தது. வாணி ஏ/பி சிவநேசன், வாணி ஏ/பி சிவநேசன், வாணி ஏ/பி சிவநேசன். பேர் வைத்தாயே, சோறு வைத்தாயா என்று கேட்பார்களே, சோறு வைத்தவள் நான். நடுச்சாமத்தில் ஈரத்துணி போட்டவள் நான். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனவள் நான். இவனுக்கே வேண்டாமென்று குப்பையில் போட்ட பேரை என் பிள்ளை எதற்காகச் சாகும்வரை சுமக்கவேண்டும்?

"மாத்துங்க, தம்பி. ஆனா என் பேருக்கு மாத்துங்க. வாணி ஏ/பி புஷ்பவல்லி."

வாசு பேனாவைக் கீழே வைத்தார். "ஏ/பி-க்குப் பின்னால அம்மா பேரு போடுறது வழக்கத்துல இல்லக்கா. அப்பா யாருன்னே தெரியாத பிள்ளையான்னு ஆளுங்க கேப்பாங்க."

"கேக்கட்டும்! யாருன்னு நல்லாத் தெரியும், தெரிஞ்சுதான் மாத்துறோம்னு சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு எழுத ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து, "பிள்ளையோட விருப்பமும் இதுதானா? கேட்டீங்களா?" என்றார்.

"அவ என் பிள்ளை. எனக்குத் தெரியாதா?"

பிள்ளையும் இதையே விரும்புகிறாள் என்று மனுவில் எழுதினார். நானும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன்.

விஷயம் பள்ளிக்கூட வாசலுக்கு எப்படியோ வந்துவிட்டது. அங்கே நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிற இராஜம்மா அக்கா, "எதுக்குடி இதெல்லாம்? நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கணும். அப்பன் பேரு இல்லாம எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றாள்.

"பேரைக் கட்டிக்க வர்றவன் எனக்கு வேணாம்கா. என் பொண்ணைக் கட்டிக்க வர்றவன் வரட்டும்."

"வாயி உனக்கு."

"வாய் இல்லன்னா இந்த வேனை நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வாணி, "எல்லாரும் என் பேரைப் பத்தித்தான் பேசுறாங்களாமா?" என்று கேட்டாள். "நீ ஒன்னும் கவலைப்படாதே. அம்மா பாத்துக்குறேன்" என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் தைரியத்தைப் பார்த்துப் பிள்ளை நிம்மதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கு ஏப்ரலில் வந்தது. வாணிக்கு ஜூனில் பன்னிரண்டு முடிகிறது. பிள்ளையையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் பிள்ளைகளை ஏற்றிப்போக வேறொரு வேன்காரரை ஏற்பாடு செய்துவிட்டு, வாணிக்குப் பள்ளிச் சீருடையைப் போட்டுவிட்டு ஷா ஆலமுக்குப் போனேன். மனதுக்குள் யுத்தத்துக்குப் போகிற தெம்பு.

நீதிபதி ஒரு மலாய்க்காரம்மா. கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசினார். கேள்வியெல்லாம் மலாயில். முதலில் சிவநேசனைக் கேட்டார். இந்தப் பேர் உங்களுக்குக் கெடுதல் என்கிறீர்கள், சரி, பிள்ளைக்கு இந்தப் பேரால் என்ன கெடுதல் வந்தது?

அவன் யோசித்தான். "இதுவரைக்கும் வரலைங்க. இனிமே வரும்."

"அவள் பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிக்கிறாள்?"

அவனுக்குத் தெரியவில்லை. வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். வக்கீலுக்கும் தெரியவில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வகுப்பில் மூன்றாவது என்று எழுந்து நின்று கத்தலாமா என்றுகூடத் தோன்றியது. வாசு என் கையை அழுத்திப் பிடித்திருந்தார்.

அடுத்து நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உங்கள் மகளும் இதையே விரும்புவதாகச் சத்தியம் செய்திருக்கிறீர்கள். அவளை எப்போது கேட்டீர்கள்?"

நான் வாயைத் திறந்தேன். கிள்ளான் ரோட்டில் லோரிக்காரர்களையே வாயடைக்க வைத்தவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வேனிலா, வீட்டிலா, சாப்பிடும்போதா? எட்டு மாதத்தைத் தேடிப் பார்த்தேன். கேட்டிருந்தால்தானே கிடைக்கும். வெட்கமாகிவிட்டது எனக்கு.

"கேக்கலைங்க" என்றேன்.

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு வாணியை மட்டும் தன் அறைக்கு அழைத்துப் போனார். நாங்கள் எல்லோரும் வெளியே உட்கார்ந்திருந்தோம். ஒரே வராண்டாவில் எதிரெதிர் பெஞ்சில் நானும் சிவநேசனும். அவன் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. கோபம் வந்தால் எனக்குக் கால் ஆடாது, நாக்குதான் ஆடும். அன்றைக்கு அதுவும் ஆடவில்லை. எனக்காகச் சொல்வாள் என்று ஒரு பக்கம் அடித்துச் சொன்னது மனசு. நீ கேட்டாயா என்று இன்னொரு பக்கம் கேட்டது.

இருபது நிமிஷம் கழித்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். தீர்ப்பு ரொம்பச் சின்னது. இரண்டு மனுவும் தள்ளுபடி. பிள்ளை எதையும் மாற்ற விரும்பவில்லை, காரணத்தையும் தெளிவாகச் சொன்னாள், மாற்றியே ஆகவேண்டும் என்பதற்கு மற்றவர்கள் சொன்ன காரணம் எதுவும் அவளுடைய நலனுக்கானதாக இல்லை என்றார். மற்றவர்கள் என்றபோது இரண்டு பேரையும் பார்த்தார். வளர்ந்து பெரியவளானதும் மாற்றிக்கொள்ளத் தோன்றினால் அவளே வரட்டும் என்றார்.

எனக்கு வலித்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் தோற்றதில் சந்தோஷப்படக்கூட முடியாத அளவுக்கு வலித்தது. இவ்வளவும் யாருக்காகச் செய்தேன்? போயும் போயும் அந்தப் பேரையா பிடித்துக்கொண்டாள்?

படியிறங்கிக் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். சிவநேசன் பின்னாலேயே ஓடிவந்தான். சட்டையெல்லாம் வேர்வை. என்னை விட்டுவிட்டு வாணியின் முன்னால் போய் நின்றான்.

"வாணிம்மா, அப்பா சொல்றதக் கேளு. திரும்ப உள்ள போயி ஜட்ஜம்மாகிட்ட சொல்லும்மா. அந்தப் பேரு அப்பாவுக்கு ஆகாதும்மா. அது ராசியில்லாத பேரு. அது இருக்கிற வரைக்கும் அப்பா மேல வரவே முடியாது."

நான் நடுவில் புகுந்து நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். வாணி என் கையை விலக்கிவிட்டாள். மெதுவாகத்தான் விலக்கினாள், ஆனால் விலக்கினாள்.

"உங்களுக்கு அந்தப் பேரு வேணாம்தானே?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. அதான் தலைமுழுகிட்டேனே."

"தூக்கிப் போட்டுட்டீங்கதானே?"

"ஆமாம்மா."

"நான் எடுத்துக்கிட்டேன். இப்ப அது உங்க பேரு இல்ல, என் பேரு. நான் அந்தப் பேர்லதான் ஸ்டாண்டர்ட் ஒன்ல சேர்ந்தேன். அந்தப் பேர்லதான் எல்லாப் பரிசும் வாங்கியிருக்கேன். எனக்கு அது நல்ல ராசிதான். உங்களுக்கு மேல வரணும்னா நீங்க வாங்க. என் பேரு மேல ஏறி வராதீங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்திருப்பான். சத்தியமாக எனக்கே தெரியாது. அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நானே கேட்டதில்லை.

"அப்பாகிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றான் அவன். குரல் உடைந்து போயிருந்தது.

"எங்கப்பா பேரு சிவநேசன். அப்படி யாரும் கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்." வாணியின் உதடு துடித்தது, ஆனால் கண் அவனை விட்டு நகரவில்லை. "நேரமாச்சு. நாங்க போறோம், அங்கிள்."

அங்கிள். பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றடிக்கிறவரை, கடையில் ஐஸ் கச்சாங் விற்கிறவரை, வழி கேட்கிற முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுகிற வார்த்தை. நான் எட்டு மாதமாக, கோர்ட் செலவு செய்து, வக்கீல் வைத்து அவனுக்குச் செய்ய நினைத்ததை அவள் ஒரே வார்த்தையில் செய்துவிட்டாள். சிவநேசன் அப்படியே நின்றான். வெயில் மொத்தமும் அவன் மேல் விழுந்துகொண்டிருந்தது. பாவமாகக்கூட இருந்தது எனக்கு. ஆனாலும் வேன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வேனில் ஏறிக் கதவை அடைத்த பிறகுதான் அவள் அழுதாள். தோளைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அழுது முடிக்கும் வரைக்கும் விட்டேன். பிறகு என் வாய் சும்மா இருக்குமா?

"அவனுக்குச் சொன்னது சரி. எனக்கு என்னாடி குறை? என் பேரு அவ்ளோ மட்டமாவா போச்சு?"

அவள் எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களும்தான் என்னைக் கேக்கல."

"கேக்கல. தப்புதான்." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து எத்தனை வருஷமோ. "இப்பக் கேக்குறேன். ஏன் வேணாம்?"

"உங்க பேரு உங்களுக்கு வேணும்தானேமா? நீங்க அதைத் தூக்கிப் போடலையே. அப்புறம் நான் எதுக்கு எடுக்கணும்?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரிப்பும் கூடவே வந்தது. பிடிவாதக்காரக் கழுதை. யாருக்கும் தலையாட்டாத பிள்ளை. அப்பனுக்கும் ஆட்டவில்லை, எனக்கும் ஆட்டவில்லை. அவள் பேருக்குப் பின்னால் யார் பேர் இருந்தால் என்ன, இவள் யார் பெற்ற பிள்ளையென்று கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும்.

ஜூன் மாதம் ஐ.சி. எடுக்கப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டி, பேரெல்லாம் சரியா என்று என்னைக் கேட்டாள். நான் நகர்ந்து நின்று வாணிக்கு வழி விட்டேன்.

"அவளைக் கேளுங்க" என்றேன்.